கோக்கோ தோட்டத்தில் என் பங்கு

நவம்பர் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கடலுக்குப் போகவில்லை. முகத்துவாரக்குப்பத்தில் எவனுமே போகவில்லை. போனில் கானா நாட்டு வானிலை பார்த்தேன். அங்கே வெயில். அப்பாடா. கோக்கோ பறிக்கிற மாதம். விடாமல் மழை பிடித்தால் காய் கறுத்து அழுகிவிடும். வீட்டுக்காரி சாந்தி தலையில் அடித்துக்கொள்கிறாள். "இங்க கூர ஒழுவுது. நீ ஆப்பிரிக்காவுல காயப் போட்டுகினு கீற."

அவளுக்கென்ன தெரியும். நாலு வருஷக் காத்திருப்பு. தேவா அண்ணன், பெரியம்மா மகன், கப்பல் வேலைக்குப் போய் அங்கே இறங்கி நிலம் பிடித்தான். அந்த ஊர் வழக்கம்: நிலம் கொடுத்தவருக்குப் பாதி, நட்டு வளர்த்தவனுக்குப் பாதி. நட்டவன் பாதியில் அண்ணனும் நானும் சமம். கன்று, கூலி, உரம் எல்லாம் நான் படகை விற்றுக் கொடுத்த காசு. பத்திரம் இல்லை. படகுப் பங்குக்கு இந்தக் குப்பத்தில் எவன் பத்திரம் எழுதினான்? காய்ச்சலில் கரையில் படுத்துக் கிடப்பவனுக்கும் பங்கு போகும். அண்ணன் ஊருக்கு வந்திருந்தபோது பெரியம்மா முன்னால் கையடித்துப் பேசினோம். போதும்.

நவ. 10, திங்கள்

அண்ணனிடமிருந்து வீடியோ. முதல் அறுவடை! மஞ்சள் காய்கள், குவியல் குவியலாக. கொட்டையை வாழையிலை போட்டு மூடிப் புளிக்க வைக்கிறார்கள். அப்புறம் தட்டியில் பரப்பி வெயிலில் காயவைப்பது. நம்ம கருவாடுதான். டீக்கடை, ஐஸ் கடை, பஸ் ஸ்டாண்டு, ஒருத்தர் பாக்கியில்லாமல் காட்டினேன். கபாலி மாமா: "சாக்லேட்டு மொதலாளி ஆயிட்ட. கால்ல வுழட்டுமா?"

வாங்க வேண்டியவை: கூரைக்குத் தகடு. சாந்திக்குக் கண்ணாடி. பெரியம்மா முட்டிக்குத் தைலம். படகு, பழசே போதும்.

பால் திரிந்துவிட்டது. பரவாயில்லை.

நவ. 13, வியாழன்

அண்ணனிடம் பங்கைப் பற்றிக் கேட்டேன்.

"இன்னாடா பங்கு? நீ கைமாத்து குடுத்த. வட்டியோட அனுப்சிட்றேன்."

சிரித்தேன். விளையாடுகிறான் என்று நினைத்தேன், மடையன்.

"செடி நட்டது நானு. மலேரியாவுல பட்த்துக் கெடந்தது நானு. நீ கரையில குந்திகினு இருந்தவன். பங்கு கேக்க வந்துட்டான்."

நிலம் கொடுத்த அந்த ஊர்ப் பெரியவருக்குத் தோட்டத்தில் அவர் பாதியை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டானாம். அவரிடமும் வெறும் வார்த்தைதான். அங்கே வார்த்தை செல்லும், கூடப் பிறந்தவன் மாதிரி வளர்ந்தவனிடம் செல்லாது. துரோகி.

சாயங்காலம் பணம் வந்துவிட்டது. வட்டியும் சேர்த்து. கூடவே வாட்ஸ்அப்பில், "கணக்கு முடிஞ்சது." சாந்தி, "துட்டாவது வந்துச்சே" என்றாள். எரிந்து விழுந்தேன். பாவம், அவள் மேல் ஏன்?

நவ. 16, ஞாயிறு

கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். நான்தான் கூட்டச் சொன்னேன். அண்ணன் போனில்.

தலைவர் கேட்டார்: "பங்குன்னு பேசனப்ப யாரு கூட இருந்தா?"

பெரியம்மா. என் அம்மா செத்தபோது எனக்கு மூன்று வயது. தூக்கி வந்து, தேவாவோடு ஒரே தட்டில் சோறு ஊட்டி வளர்த்தவள். அவன் கப்பலேறியதிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் வாயைத் திறந்தால் போதும் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

"பங்குன்னு ஒண்ணும் பேசல. கைமாத்துதான்" என்றாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

தலைவர்: "குடுத்த துட்டு வட்டியோட வந்துட்ச்சி. இன்னும் இன்னா நைனா?"

கூட்டம் கலைந்துவிட்டது. யாரோ பின்னால், "வட்டி வாங்கிட்டு பங்கும் கேக்கறான் பாரு." கபாலி மாமா ஒரு பீடி கொடுத்தார்.

நவ. 17, திங்கள்

கடல் பரவாயில்லை. அடுத்தவன் படகில் கூலிக்குப் போய் வந்தேன். கொஞ்சம் நண்டு, மிச்சம் குப்பை. கானா வானிலை பார்க்கவில்லை.

மத்தியானம் சாந்தி மூன்று தட்டு வைத்தாள். பெரியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. கேட்டுவிட்டேன். "ஏன் பெரிம்மா பொய் சொன்ன?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பெத்தது வேற, வளத்தது வேற நைனா" என்றாள்.

இத்தனை வருஷத்தில் இவள் இதைச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.