ஆயா சொன்ன முயல் கதை

தென் கரோலினா, மார்ச் 3

மிஸ் லெனோரா,

நீ என் வயதுக்காரிதான். நீ வெள்ளைக்காரக் குழந்தை என்பதால், கறுப்புப் பிள்ளையான நான் அன்று போட்டே ஆகவேண்டியிருந்த 'மிஸ்' இது. அதை இதோடு நிறுத்துகிறேன்.

கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க, நீ எழுதிய முயல் கதையை எங்கள் தீவுப் பள்ளியில் பாடமாக வைத்திருக்கிறார்கள். பேத்தி வாசித்துக் காட்டினாள்.

"பாட்டி, 'எங்கள் ஆயா சொன்னது'ன்னு போட்டிருக்கே, ஆயாவுக்குப் பேரு கிடையாதா?"

"இருந்துச்சுடி. அந்த வீட்டுல யாரும் அதை முழுசாச் சொன்னதில்ல."

உன் ஆயாவான என் அம்மா, உன்னைத் தூங்கவைத்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன். மறக்கவில்லை.

நீ வந்து கதை சொல்லும் நாளுக்குப் பள்ளியில் என்னையும் அழைக்கிறார்கள். 'எங்கள் ஆயா சொன்னது' என்பதை 'திருமதி ஹெப்சிபா சிம்மன்ஸ் சொன்னது' என்று திருத்தி அச்சடிக்கச் சொல். உங்கள் வீட்டில் யாரும் அவளுக்குப் போடாத அந்தத் 'திருமதி'யை விட்டுவிடாதே. அப்புறம் வருகிறேன்.

கதையை நீயே சொல். நான் அதை அம்மா வாயால் கேட்டதே இல்லை.

இப்படிக்கு,
அவள் மகள்