குங்குமத் தட்டை நகர்த்திய வெள்ளிக்கிழமை

மில்பிடாஸ்
9-2-1985

அருமை மீனாக்ஷிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். எப்போதும் உன் பெயருக்கு முன்னால் போடும் சௌபாக்கியவதியை இந்தத் தடவை போடக் கை வரவில்லை, காரணம் கீழே எழுதுகிறேன், அபசகுனம் என்று பயந்துவிடாதே. அப்பாவும் நானும் சௌக்கியம். அவருக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சனிக்கிழமையானால் லிவர்மோர் கோயில் வேலைக்கு முதல் ஆளாகக் காரை எடுத்துவிடுகிறார். ஹூஸ்டனில் உன்னுடைய டாக்டர் ஆறாம் மாசத்திலேயே உப்பைக் குறைக்கச் சொன்னதாக அப்பா சொன்னார். எல்லாமே அப்பா சொல்லித்தானே எனக்குத் தெரிகிறது, நாலு மாசமாக நீ போன் பண்ணினால் "அப்பா இருக்காரா" என்பதோடு சரி. மாப்பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டுக் கொஞ்சம் படுத்துக்கொள். ஊறுகாய் ஜாடியைக் கண்ணில் படாமல் எடுத்து வை.

நீ என்னோடு பேசாதது நியாயம்தான், அதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. இங்கே உன்னோடு வேலை பார்த்த ராஜராணியை, கொழும்புக் கலவரத்தில் புருஷன் என்ன ஆனார் என்றே தெரியாமல் ஆறு வயசுப் பெண்ணோடு அண்ணன் வீட்டில் வந்திருந்தவளை, பார்த்துக்கொள் அம்மா என்று சொல்லிவிட்டு நீ ஹூஸ்டன் போனாய். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் உனக்குத் தெரியும். நவராத்திரி வெள்ளிக்கிழமை கொலுவுக்கு வந்தாள், அரக்குப் புடவை, தலையில் பூ, நெற்றியில் பெரிதாகப் பொட்டு. முதல் நாள்தான் நம் கோயில் ஷ்யாமளா காரில் வரும்போது, அவ ஆத்துக்காரர் போயிட்டாராம் மாமி, இவ ஒண்ணுமே ஆகாத மாதிரி அலங்காரம் பண்ணிண்டு வரா என்று சொல்லியிருந்தாள். யார் சொன்னது, எப்போது போனார், ஒன்றும் நான் கேட்கவில்லை. வரிசையாகக் குங்குமம் கொடுத்துக்கொண்டே வந்தேன், ராஜராணி விரலை நீட்டினாள், நான் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் நகர்த்திவிட்டுச் சுண்டல் பொட்டலத்தை மட்டும் அவள் கையில் வைத்தேன். அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், அதில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை. அந்தக் குழந்தைதான் என்னைக் காட்டி, அம்மா, அன்ரி உங்களுக்கு மட்டும் ஏன் பொட்டு வைக்கேல்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்டது. மறுநாள் அவள் நெற்றி வெறுமையாக இருந்தது என்று அண்ணன் பெண்டாட்டி ஞானமணி உனக்குச் சொல்ல, நீ எனக்குப் போன் பண்ணிக் கத்தினாய். சாஸ்திரத்தை நான் எழுதவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். கர்வம்தான், வேறென்ன.

கிறிஸ்துமஸ் லீவில் அவர்களுக்கு லண்டனிலிருந்து கடிதம் வந்தது. அவள் புருஷன் வரதராஜாவின் மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் எப்படியோ தப்பி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார், அவர் எழுதியது. கலவரத்தின் முதல் நாளே கடையை வெளிப்பக்கமாகப் பூட்டிக் கொளுத்திவிட்டார்களாம், வரதராஜா உள்ளே இருந்திருக்கிறார். ஷ்யாமளா உடனே எனக்குப் போன் பண்ணி, மாமி, நீங்க அன்னிக்குப் பண்ணினது கரெக்டாப் போச்சு பார்த்தேளா என்றாள். மீனாக்ஷி, நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றிருந்தது. ஒருத்தியின் புருஷன் நெருப்பில் வெந்து செத்தது நிச்சயமானதில் எனக்கு ஒரு நிம்மதி. போனை வைத்த பிறகுதான் எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் ஸ்வர்ணா ஞாபகம் வந்தாள். அதே வெள்ளிக்கிழமை, ராஜராணிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், நான் தட்டை நகர்த்தியதே அவளிடம்தான். அவள் புருஷன் டல்லாஸுக்கு இன்டர்வியூ என்று போனவன், மூன்று வருஷமாகக் கடிதாசு இல்லை, போன் இல்லை, இருக்கிறானா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. அவளுக்கு நெற்றியில் ஒன்று, வகிட்டில் ஒன்று என்று நானே இட்டுவிட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஏனென்றால் ஸ்வர்ணா நம் மனுஷி, மயிலாப்பூரில் அவள் சித்தப்பாவை எனக்குத் தெரியும். இரண்டு பேரைப் பற்றியும் ஒரு சேதியும் இல்லை, ஒருவனை நான் உயிரோடு வைத்தேன், இன்னொருவரைக் கொன்றேன். இதில் சாஸ்திரம் எங்கே வந்தது? உன் பெயருக்கு முன்னால் சௌபாக்கியவதி போடக் கை வராததும் இதனால்தான். ராஜராணியின் பேச்சைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன், அவள் வீட்டுக் குழம்பின் வாசனையைச் சொல்லிக் கேலி பண்ணியிருக்கிறேன், இந்த மனுஷிகளுக்குத் துக்கம்கூட நம் மாதிரி இருக்காது என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். ஷ்யாமளா சொன்னது அதற்கு ஒத்துப்போயிற்று, அதனால்தான் கேள்வி கேட்காமல் நம்பினேன். அந்தப் பொட்டை வைத்துக்கொண்டுதான் அவள் பதினாலு மாசம் வேலைக்குப் போய், குழந்தைக்குச் சோறு போட்டு, கண்ட ஊருக்கெல்லாம் விசாரித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள் என்று ஞானமணி சொன்னாள்.

துக்கம் கேட்கப் போனேன். அப்பா காரிலேயே உட்கார்ந்துகொண்டார், நீயே போ என்று சொல்லிவிட்டார். ராஜராணி எழுந்து வந்து எனக்கு நாற்காலி போட்டாள். அன்ரி, நீங்கள் அண்டைக்கே சொல்லிப்போட்டியள், எனக்குத்தான் விளங்கேல்லை என்றாள். அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொன்னாள், கோபமாகச் சொல்லவில்லை, சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவரப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை அன்ரி என்று சொல்லியிருப்பாள், அந்தப் பாரத்தையும் அவள் தலையிலேயே ஏற்றிவிட்டு நான் லேசாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

அடுத்த மாசம் இங்கே நடக்கப்போகும் உன் வளைகாப்புக்கு ராஜராணி வந்தால்தான் நீ மணையில் உட்காருவாய் என்று அப்பாவிடம் சொன்னாயாம். நேற்று நானே போய் அழைத்தேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இல்லை அன்ரி, நான் வரக்கூடாது, மீனாக்ஷியின்ர பிள்ளைக்கு ஒண்டும் ஆகிடக் கூடாது என்றாள். நான் கற்றுக்கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொல்கிறாள், அதுவும் உன் குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்று. அதைவிடக் கேவலம், அவள் வரமாட்டேன் என்றதும் என் மனசில் ஒரு மூலை, நல்ல வேளை என்றது. இத்தனை புத்தி வந்த பிறகும், மீனாக்ஷி, நேற்று சாயங்காலம், அவள் வாசலில் நின்றுகொண்டு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னை நம்பி இந்தக் காரியத்தை விடாதே. நீயே அவளைக் கூப்பிடு, நீ கூப்பிட்டால் வருவாள். முதல் வளையலை அவள் கையால் போட்டுக்கொள். அந்த நேரம் நான் அங்கே நின்று முகத்தைச் சுளித்தால், பெற்றவள் என்று பார்க்காதே, என்னை எழுந்து வெளியே போகச் சொல். போய்விடுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சிசுவும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இரும்பு மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதே, பழரசத்தோடு சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜலக்ஷ்மி மகாதேவன்