பாஸில் ஒரு பெயர்தான்

12-7-93, திங்கள்
இன்றோடு 431. இரண்டு வருடத்துக்குள் 480 நாள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் என்று கம்பெனியில் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த நேரம் பார்த்து இவர் லாரி பழகப் போகிறாராம். குவாரி மூடி நாலு மாதமாக வீட்டில் இருக்கும் மனுஷன், போகட்டும், நல்லதுதான்.

இரண்டு லாரிக் கம்பெனிகள் செலவில்லாமல் பழக்கித் தருகிறார்கள். பிறகு இரண்டு வருடம் அவர்களுக்கே ஓட்ட வேண்டும். கிருஷ்ணகிரிக் கம்பெனியில் தினப்படி அதிகம். யாராக இருந்தாலும் அதைத்தானே எடுப்பார்கள்?

13-7-93
ஓசூர்க் கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிறார். ஏனாம்? அங்கே பழகும்போதே வீட்டு ஆள் ஒருவர் வண்டியில் கூட வரலாமாம். வீட்டு ஆள் பக்கத்தில் இருந்தால் டிரைவர் குடிக்க மாட்டான் என்பது முதலாளியின் யோசனை. இவர் குடிப்பதே இல்லை!

"யாரு கூட வர்றது?"

"நீதான். வேற யாரு? ஊரு ஊரா பாக்கலாம் காவேரி. ஒனக்குத்தான் ஆசையாச்சே."

அது கல்யாணமான புதிதில் சொன்னது. இப்போது என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? என் வேலை என்ன, விளையாட்டா?

14-7-93
சோற்றை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். 433.

18-7-93, ஞாயிறு
மத்தூரிலிருந்து அண்ணன் கோவிந்தப்பன் வந்து பஞ்சாயத்து. "புருசன் கூப்புட்டா போவ வேண்டியதுதான?"

"இன்னும் நாப்பத்திநாலு நாளுண்ணா. அதுவரிக்கும் அவரு பொறுக்கக் கூடாதா?"

நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

25-7-93
வண்டியில் பக்கத்து சீட்டைக் காலியாக விட மனசு வரவில்லை இவருக்கு. "அதுக்குன்னுதான படிய உட்டுட்டு வந்தேன்?" என்று அதையே பத்து தடவை. எரிச்சலில், "அப்ப ஒங்கம்மாவக் கூட்டிக்கினு போங்க" என்று சொல்லித் தொலைத்தேன். உடனே, "அதுவும் சரிதான்" என்கிறார்!

28-7-93
அத்தையைப் போட்டோ எடுத்து, கைநாட்டு வாங்கி, வண்டியில் கூடப் போகக் கம்பெனியில் பாஸ் போட்டாயிற்று. ஒரே அழுகை. "என்னத் தொலைக்கப் பாக்கறயா? நான் குருபரப்பள்ளியத் தாண்டுனதில்லயே" என்கிறார். முட்டிவலி வேறு. பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் போகிறேன் என்று சொல்லவில்லை.

9-8-93
முதல் பயணம். வண்டி பழக்கும் டிரைவர் அழகர்சாமியும் இவரும் சேர்ந்து அத்தையை ஏற்றினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை அத்தை. வேலை முடிந்து வந்தால் வீடு அமைதி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நிம்மதியாக இருந்தது.

21-8-93
வந்துவிட்டார்கள். ஹூப்ளியில் இட்லி கல்லாம். அதைச் சொல்லிச் சொல்லி அத்தை சிரிக்கிறார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

31-8-93
474. சூப்பர்வைசர் ஏழு பேரைக் கூப்பிட்டார். "நாளைலருந்து வராதீங்கம்மா."

ஆறு நாள். ஆறே ஆறு நாள்! வேண்டுமென்றே — தெரிந்தே செய்கிறார்கள். படுபாவிகள். இதற்காகவா நான் இவரோடு மல்லுக்கட்டினேன்?

2-9-93
சொன்னதும் இவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "சரி உடு. வா, போலாம்" என்றார். அழுகை வந்துவிட்டது. போக வேண்டும்போல்தான் இருந்தது. இரண்டு சேலை எடுத்து வைத்தேன்.

பாஸில் ஒரு பெயர்தான் இருக்கலாம். மாற்ற வேண்டுமானால் அத்தை காகிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். காகிதத்தை நீட்டினால் கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறார்!

"நான் எறங்கமாட்டன். வர்ற வாரம் பம்பாய் போறம். கடலு பாக்கணும். நீ சின்னப் பொண்ணு, அப்பறமாப் பாத்துக்கலாம்."

இவர் என்னைப் பார்க்கிறார். நான் யாரைத் திட்டுவது? ஏற்றிவிட்டதே நான்தானே. சேலையை மறுபடி பெட்டியில் வைத்தேன். எனக்கும் கடல் பார்க்க ஆசைதான். ஆனால் பிடுங்க மனசு வரவில்லை.

6-9-93, திங்கள்
சிப்காட்டில் வேறு கம்பெனி, வயர் சுற்றும் வேலை. இன்று சேர வேண்டும். மறுபடி முதலிலிருந்து.

காலையில் வண்டி தெருமுனைக்கே வந்தது. அத்தை கம்பியைப் பிடித்துத் தானாகவே ஏறினார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "ஏம்மே, நின்னுக்கினே இருக்கிறயே, பஸ்சு போயிடப் போவுது. ஓடு" என்று விரட்டினார். ஓடினேன்.