மாடியில் ஓர் அடுப்பு

ஆமாம் பாப்பா, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிற ஆளை நான்தான் வேண்டாம் என்று சொன்னேன். யாரும் தூண்டிவிடவில்லை, எனக்குப் புத்தியும் பிசகவில்லை. நலம் விசாரித்துவிட்டுத்தான் சண்டைக்குப் போக வேண்டும், அதனால் கேட்கிறேன்: சளி விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே அடிக்கிற குளிருக்கு அந்த மெல்லிய போர்வை போதுமா? இங்கே எல்லோரும் இருக்கிறோம். அப்பா வலது கையால் டம்ளரைப் பிடிக்கிறார், பாதியைச் சிந்துகிறார். உன் அண்ணனுக்குப் பணிமனையில் பகல் வேலை கிடைத்துவிட்டது. அண்ணியைத் துணிக்கடையில் கல்லாவுக்கு மாற்றிவிட்டார்கள், நாளெல்லாம் நிற்க வேண்டியதில்லை. நலம் என்று எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

நேற்று போனில் நீ கத்தினாய். இது உங்க உரிமைம்மா, பிச்சை இல்ல, எதுக்கு விட்டுக்கொடுக்கறீங்க என்றாய். உதவிக்கு ஆள் அனுப்பும் இந்த மாதிரித் திட்டங்களை எழுதுகிற அலுவலகத்தில் நீ வேலை பார்க்கிறாய், எங்களுக்கு இதை வாங்கித் தந்தவளும் நீதான். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் உன் மேஜையிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு மாடிப்படி தெரியாது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த புதிதில் காலையும் மாலையும் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தது உன் அண்ணன். நான் கால்பக்கம், அவன் தோள்பக்கம். துடைத்து, துணி மாற்றி, முகம் மழித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். சிரித்துக்கொண்டே செய்தான் என்று பொய் சொல்ல மாட்டேன். என் முதுகு போனா யாரு பாக்கறது என்று முணுமுணுப்பான். அப்பா குழறிக் குழறி, கத்திய பாத்து வைடா, வீட்ட இன்னும் உன் பேருக்கு எழுதல என்பார். அந்தக் குழறல் எங்கள் எல்லோரிலும் அவன் ஒருவனுக்குத்தான் புரியும். அவன்தான் எனக்கு எடுத்துச் சொல்வான். அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பார்கள், நான் திட்டுவேன்.

பிறகு உன் திட்டம் வந்தது. உடம்பில் தெம்புள்ள பிள்ளை உள்ள குடும்பத்துக்கு ஆள் கிடையாது. ஒரே சமையல் என்றால் ஒரே குடும்பம். நீதான் சொன்னாய், மாடில ஒரு அடுப்ப வெச்சுட்டா போதும்மா, அண்ணன் தனிக் குடும்பம்னு ஆயிடும், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க என்று. வைத்தோம். புது அடுப்பு, நாலு பாத்திரம், ஒரு உப்பு ஜாடி. அண்ணி கூட, அத்தை, ஒரு நாள் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வாங்க என்று கேலி பண்ணினாள். பார்க்க வந்த அதிகாரி அடுப்பைத் தடவிப் பார்த்தார். சமைச்ச அடுப்பு மாதிரி தெரியலையே, சொல்லாம ஒரு நாள் மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பயத்தில் அண்ணி மாடியில் நிஜமாகவே சமைக்க ஆரம்பித்தாள். அடுப்பில் கரி ஏற வேண்டும், சுவரில் எண்ணெய் தெறிக்க வேண்டும். ஏறியது. தெறித்தது. அதிகாரி திரும்பி வரவே இல்லை. அவர்களும் கீழே சாப்பிட வரவில்லை. இப்போது அண்ணி என் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறாள் பாப்பா. உட்காரச் சொன்னால், பரவால்ல அத்தை, அப்புறம் வரேன் என்கிறாள்.

உதவிக்கு வந்த பெண் தங்கம். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். அப்பா முதுகில் படுக்கைப்புண்ணின் ஒரு சிவப்பு கூட விழாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவள் வரவர உன் அண்ணன் கீழே வருவது நின்றுவிட்டது. முதலில் அதிகாரி பார்த்துவிடுவார் என்று. அப்புறம் அவள்தான் இருக்கிறாளே என்று. அப்புறம் காரணமே வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் அவள் போன பிறகு அப்பா கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார். நான் கத்தினேன். உன் அண்ணன் பாதிப் படியில் நின்று, அந்தம்மா காலைல வந்துடுவாங்கல்ல, அதுவரைக்கும் தலகாணி வெச்சுக் கீழயே படுக்க வெக்கலாமே, நான் தூக்கி ஏதாவது ஆயிட்டா என்றான். கல்நெஞ்சம் இல்லை. கை மறந்துவிட்டது, பயம். நான் பார்த்த பார்வையில் இறங்கி வந்து தூக்கினான். அப்பா அவன் முகத்தைப் பார்த்து என்னவோ சொன்னார், பழைய கேலிச் சிரிப்போடு. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, என்னம்மா சொல்றாரு என்று கேட்டான்.

அவன் என்னைக் கேட்டான்.

நீ சொல்வாய், உதவி வந்தால் பாசமா குறைந்துவிடும் என்று. உன் படிப்பில் அன்பும் வேலையும் வேறு வேறு அத்தியாயங்களாக இருக்கலாம். இங்கே வேலையை எடுத்துக்கொண்டு போனவர்கள், அன்பு வந்து உட்கார இடமில்லாமல் செய்துவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டு செய்தாலும் செய்தவன்தான் மகன். தெருமுனையில் தனியாக இருக்கும் தையல்காரம்மாவுக்கு ஒருவருமில்லை. அவளுக்கு ஒன்றுக்கு இரண்டு பேரை அனுப்பட்டும், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆள் இருக்கிற வீட்டுக்கு வந்து, ஆள் இல்லை என்று சொல், அப்போதுதான் தருவேன் என்கிறார்களே, அதுதான் என் வயிற்றெரிச்சல். பிரிந்தால் பரிசு, சேர்ந்திருந்தால் தண்டனை. பெற்றவனைப் பார்த்துக்கொள்கிற பிள்ளையின் முதுகு ஒடியாமல் அரை நாள் ஆள் அனுப்பினால் அரசாங்கம் கவிழ்ந்துவிடுமா? உன் அலுவலகத்தில் கேட்டுச் சொல். நீ மட்டும் என்ன. முன்பெல்லாம் போன் பண்ணினால் அப்பா தூங்கினாரா என்று கேட்பாய். இப்போது, ஆள் ஒழுங்கா வர்றாங்களா என்று கேட்கிறாய்.

எனக்குப் பயமில்லாமல் இல்லை. ஒருமுறை விட்டால் சுலபத்தில் திரும்பக் கிடைக்காதாம். என் ஒருத்தி கையால் அவரைப் புரட்ட முடியாது. அண்ணன் இறங்கி வராவிட்டால் அப்பா முதுகு புண்ணாகும், அம்மாவின் வீம்பால்தான் என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். சொல்லுங்கள். இன்றோடு அந்தப் பெண் நின்றுகொள்கிறாள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற உனக்கு அலுவலகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது, மாடிக்கு இன்னும் போகவில்லை. நான் சொல்ல வேண்டும்.

கோபம் ஆறினாலும் ஆறாவிட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கென்று ஒரு வீடு அமைந்தால் அதில் எல்லோருக்கும் வேலை இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இனி போன் பண்ணும்போது அப்பா காதில் வைக்கச் சொல். புரியாவிட்டாலும் அவர் முடிக்கும்வரை வைத்துவிடாதே.

உன்
அம்மா

உறையை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெண் கிளம்பியதும் படிக்கட்டின் அடியில் நின்று உன் அண்ணனைக் கூப்பிட்டேன். யாரும்மா வந்திருக்கா என்றான். யாரும் வரவில்லை, இனி வரவும் மாட்டார்கள், அப்பாவைப் புரட்ட வேண்டும் என்றேன். மேலே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இறங்கி வந்தான், அடுத்த வீட்டுக்கு வருகிறவன் போல, வெளியே போகும்போது போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு. நான் அப்பாவின் கால்பக்கம் போய் நின்றேன்.