ஏகப்பன் கட்டிய வாடகை

காரைக்குடி,
18-2-74.

அன்பு மகன் மலையாண்டிக்கு அப்பா பூமிநாதன் எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் தங்கை பொன்னழகு பொங்கலுக்குப் பிள்ளையோடு வந்து போனாள், உன் மருமகனுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, பார்த்ததை எல்லாம் கடிக்கிறான். பம்பாயில் நீயும் நலமாக இருப்பாய் என்று வழக்கம்போல எழுதியிருப்பேன். ஆனால் நீ நலமாக இல்லை என்பது எனக்குப் போன வியாழக்கிழமை தெரிந்துவிட்டது, அதற்குப் பிறகு வருகிறேன். கோபம் தணிந்த பின் எழுதலாம் என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன், தணியவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன், நீயும் அப்படியே படி.

நம் குடித்தனக்காரன் ஏகப்பன் மேல் போட்ட கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது. நாச்சியாபுரத்துப் புஞ்சையை விற்று, உன் அம்மா பெயரில் இந்த வீட்டைக் கட்டி, பாதியில் நாங்களும் பாதியில் குடித்தனக்காரனுமாக இருந்தால் கடைசிக் காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். குடியிருக்க என்று மாதம் நாற்பத்தைந்து ரூபாய்க்கு வந்தவன், போன ஆனி மாதம் கூடத்தில் மிளகாய் அரைக்கும் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினான். மிஷின் ஓடினால் இங்கே அடுக்களையில் பாத்திரம் நடுங்குகிறது, நடுச்சுவரில் மேலிருந்து கீழே வெடிப்பு விட்டிருக்கிறது, உன் அம்மா காலையில் ஆரம்பித்தால் மத்தியானம் வரை தும்முகிறாள். நான் தெருவில் நின்று அவனை ஏசினேன், கொஞ்சம் அதிகமாகவே ஏசினேன். அதோடு அவன் மாதம் பிறந்தால் கையில் கொண்டுவந்து கொடுக்கும் வாடகை நின்றுபோயிற்று. ஆடியில் வரவில்லை, ஆவணியில் வரவில்லை, புரட்டாசியிலும் வரவில்லை. சிவகங்கை வக்கீல் இதைக் கேட்டு மகிழ்ந்துபோனார். மிஷினைச் சொன்னால் என்ஜினீயர் வந்து சுவரைப் பார்க்க வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும், வாடகை பாக்கி என்றால் ஒரே வெட்டு என்றார். சரி என்று இருநூறு ரூபாய் பீஸ் கட்டினேன்.

அந்தச் சமயத்தில் நீ எனக்கு மூன்று பக்கம் புத்தி எழுதினாய், கடிதம் இதோ என் முன்னால்தான் இருக்கிறது. வாடகை பாக்கி வைப்பவனிடம் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது, அவன் சாமானைத் தூக்கித் தெருவில் வைத்தால்தான் மற்றவனுக்குப் பயம் வரும் என்று எழுதியிருக்கிறாய். அவன் போனதும் பேங்கில் எட்டாயிரம் கடன் வாங்கி மாடி எடுக்க வேண்டும், மாடி வாடகையே கடனை அடைத்துவிடும் என்று கணக்கும் போட்டிருக்கிறாய். நீ சொல்கிறாயே என்று பேங்குக்கும் போனேன். பேங்க் ஏஜெண்டு, அதாவது மேனேஜர், நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார், மாதம் நூற்று நாற்பது ரூபாய் ஏழு வருஷத்துக்குக் கட்ட வேண்டுமாம். மாடிக்கு இந்த ஊரில் எழுபதுக்கு மேல் எவன் தருவான்? மீதி எழுபதுக்கு நான் எங்கே போவது, அதுவும் குடித்தனக்காரன் ஒழுங்காகக் கட்டினால்தானே. வெடித்த சுவர் மேல் மாடியா என்று உன் அம்மா கேட்ட கேள்வி கூட உனக்குத் தோன்றவில்லை. அகலக்கால் வைப்பதற்கு என்னால் முடியாது என்று வந்துவிட்டேன்.

போன புதன்கிழமை கேஸ். வீடு அம்மா பெயரில் இருப்பதால் பவர் எழுதி வாங்கிக்கொண்டு நான்தான் கூண்டில் ஏறினேன். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் ஒரு பைசா வரவில்லை என்று சத்தியம் செய்து சொன்னேன். ஏகப்பனுடைய வக்கீல் எழுந்து மூன்று மணியார்டர் சீட்டை எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்தார். மூன்றும் உன் அம்மா வீரலட்சுமி பெயருக்கு வந்தவை, மூன்றிலும் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து. இது யார் கையெழுத்து என்று கேட்டார். முப்பத்திரண்டு வருஷம் பார்த்த கையெழுத்து, எனக்குத் தெரியாதா? என் சமுசாரம் கையெழுத்துதான் என்றேன். ஜட்ஜு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பெரியவரே, வீட்டில் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்வது இல்லையா என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது, என் வக்கீலும் சிரித்தார், நான் கொடுத்த பீஸில் வயிறு வளர்ப்பவர். அறுபத்தொரு வயதில் பொய்ச் சத்தியம் செய்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சிவகங்கையிலிருந்து காரைக்குடி வரும் வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், எப்படிக் கேட்டிருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மா நிதானமாக, ஆடி வெள்ளிக்கிழமை வீடு தேடி வந்த லட்சுமியைத் திருப்பியா அனுப்பச் சொல்லுறீக என்றாள். சரி, அது ஒரு சீட்டு, மற்ற இரண்டும் செவ்வாயும் புதனும் ஆயிற்றே, அன்றைக்கு எந்த லட்சுமி வந்தாள் என்றேன். அரிசி களையப் போய்விட்டாள். மறுநாள் போஸ்ட்மேன் இராமுவை வழியில் நிறுத்தி, கேஸ் நடக்கிற வீட்டில் என்னைக் கேட்காமல் எப்படிப் பணத்தைக் கொடுத்தாய் என்று ஒரு பிடி பிடித்தேன். அவன் சைக்கிளை விட்டு இறங்காமலே, அப்ப கேஸு ஏது அய்யா, அம்மா பேருக்கு வந்ததை அம்மாகிட்டதானே குடுக்கணும், அவுகளும் அன்னன்னைக்கே ஆபீசுக்கு வந்து அதைப் பம்பாய்க்குக் கட்டிட்டாகளே, உங்களுக்குத் தெரியாதாக்கும் என்றான். எனக்குத் தெரியாது, மலையாண்டி. ஊரில் போஸ்ட்மேனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து நின்றேன். உன் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள், கோவிலூரில் இருக்கிற உன் சித்தி அழகி விலாசத்துக்கு நீ எழுதிய கடிதம். ஆனியிலிருந்து பாக்டரி கதவடைப்பு, சம்பளம் இல்லை, ரூமுக்கு வாடகை பாக்கி, வீட்டுக்காரன் சாமானைத் தூக்கி வெளியே வைத்துவிடுவதாகச் சொல்கிறான், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். இப்படி எழுதிய கைதானே எனக்கு அந்த மூன்று பக்கத்தையும் எழுதியது? பாக்கி வைத்தவன் சாமானைத் தெருவில் போடச் சொன்னாயே, உன் வீட்டுக்காரன் உன் கடிதத்தைப் படித்தானா என்ன? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், உனக்கு முன்பக்கமும் தெரியவில்லை. எட்டு மாதமாகச் சம்பளம் இல்லாதவன் எனக்கு எட்டாயிரம் கடன் வாங்க யோசனை சொல்கிறாய். அந்தக் கடனில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று மனதில் வைத்துத்தான் எழுதினாயோ என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தது தப்பாக இருந்தால் எழுது. கதவடைப்பு என்று ஒரே ஒரு வரி எனக்கு எழுத உனக்கு மை இல்லாமலா போயிற்று?

நான் போட்ட சத்தத்துக்கு உன் அம்மா முதன்முதலாக எதிர்த்துப் பேசினாள். உங்ககிட்ட கேட்டா வைவீகன்னுதானே பிள்ளை எனக்கு எழுதினான், வீட்டுக்காரன் தெருவுல விடப்போறான்னு தெரிஞ்சும் வந்த பணத்தை எந்தத் தாயி திருப்பி அனுப்புவா, நீங்க கேஸு போடப்போறீகன்னு தெரிஞ்சப்ப சொல்ல வாயெடுத்தேன், நீங்க வக்கீலு பேச்சைத் தவிர யாரு பேச்சைக் கேட்டீக என்றாள். அவள் வாயெடுத்தது உண்மைதான். சாப்பிடும்போது ஏதோ ஆரம்பித்தாள், கோர்ட் விஷயத்தில் பெண்களுக்கு என்ன வேலை என்று நான் அடக்கிவிட்டேன். இதை உனக்கு எழுத எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

சாயங்காலம் ஏகப்பன் வாசலுக்குப் போனேன். அவனைத் தெருவில் வைத்துப் பாக்கிக்காரன் என்று ஏசியவன் நான், அவனோ ஒரு மாதம் தவறாமல் கட்டியிருக்கிறான். மிஷின் விஷயத்தில் நீ அயோக்கியன், வாடகை விஷயத்தில் தப்பு என்னுடையது ஏகப்பா என்று தெருவில் நின்றே சொன்னேன். அவன் பதறிப்போய், கையில கொண்டாந்து குடுத்தா சத்தம் போடுவீகன்னு பயந்துதான் அய்யா அம்மா பேருக்கு அனுப்புனேன், இங்குட்டு உக்காருங்க என்றான். அன்று இரவு படுத்தபடி எண்ணிப் பார்த்தேன். ஒருவன் வாடகையைக் கொடுக்க எனக்குப் பயப்படுகிறான், ஒருவன் பணம் கேட்க எனக்குப் பயப்படுகிறான், நடுவில் ஒருத்தி இரண்டு பேருக்காகவும் பயந்து என்னிடம் பொய் சொல்லிக்கொண்டு அந்த மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

வக்கீல் அப்பீல் போடலாம் என்று ஆள் அனுப்பினார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொல்லையில் தகரக் கொட்டகை ஒன்று நான் போட்டுக் கொடுக்கிறேன், மிஷின் அங்கே போகிறது. வெடிப்பை ஏகப்பன் செலவில் பூச வேண்டும், சித்திரை முதல் வாடகை ஐம்பத்தைந்து, இதையெல்லாம் ஸ்டாம்புத் தாளில் எழுதிக்கொண்டோம். கொட்டகைக்குக் கடன் வாங்கவில்லை, மீதி நிலத்தில் விளைந்த கடலையை விற்ற பணம் போதும். மாடிப் பேச்சு இந்த வீட்டில் இனி வேண்டாம். ஐப்பசியிலிருந்து ஏகப்பன் வாடகையைக் கோர்ட்டில் கட்டி வந்தான், அதனால்தான் உன் அம்மாவால் உனக்கு ஒன்றும் அனுப்ப முடியவில்லை. ஆக என் கேஸ்தான் உன் வீட்டு வாடகையை நான்கு மாதம் நிறுத்தியிருக்கிறது. கோர்ட்டுப் பணத்தை எடுக்க மனுப் போட்டு நாளாகும் என்பதால் இன்று காலை கடலைப் பணத்தில் இருநூறு ரூபாய் உன் பெயருக்குக் கட்டியிருக்கிறேன். வாங்கியதும் வேறு எதற்கும் தொடாமல் வீட்டுக்காரனிடம் கொடு. அவன் கத்தினால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள், அவனும் எந்தப் புஞ்சையை விற்றுக் கட்டினானோ. பாக்டரி திறக்கவில்லை என்றால் ரயில் ஏறி வந்துவிடு, இங்கே வாடகை கேட்க யாரும் இல்லை.

கொப்புடையம்மன் உனக்குத் துணையிருப்பாள். எண்ணெய் தேய்த்துக் குளி, வெளியில் கண்டதைத் தின்னாதே, அம்மா அனுப்பும் பருப்புப் பொடியை நெய் விட்டுச் சாப்பிடச் சொன்னாள். நான் திட்டுவேன், அதை இனி என்னால் மாற்றிக்கொள்ள முடியாது, திட்டிவிட்டுக் கொடுக்காமல் இருந்திருக்கிறேனா என்று யோசித்துப் பார். பதிலைக் கோவிலூருக்கு எழுதாதே, அம்மா பெயருக்கும் எழுதாதே. என் பெயர் போட்டு எழுது.

இப்படிக்கு உன் அப்பா,
சி. பூமிநாதன்.