நித்யா வாசித்துத் தொலைத்தாள்

ஆடி 5, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி நித்யாவின் டேப்லெட்டில் நான் சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொள்கிறது. அழுத்தினால் திரும்பச் சொல்கிறது. மருமகள் செல்விக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

நித்யா ஒன்பதாம் வகுப்பு. எழுத்து அவள் கண்ணில் நிற்காது. காதில் விழுந்தால் விடாது, என்னைப் போல. இந்த டேப்லெட் பாடத்தை வாசித்துக் காட்டும், அவள் டாண் டாண் என்று பதில் சொல்லுவாள். பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாதாம். பிள்ளைக்கு வாசிக்க வராது என்று சான்றிதழ் வேண்டுமாம். இருந்தால் வகுப்பில் வைத்துக்கொள்ளலாம், பரீட்சையில் கேள்வியை வாசித்துச் சொல்ல ஆள் வரும். இல்லாவிட்டால் பெயில்தான். வியாழக்கிழமை தென்காசியில் அதற்கு முகாம்.

ஆடி 6, புதன்

நித்யாவுக்கு லீவு போட்டாச்சு, வீட்டில் ஒரே சத்தம். முகாமுக்குத் தமிழ்ப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பாடத்தைத்தான் கேட்பார்கள் என்று செல்வி.

"நாலு பேரு முன்னால திருதிருன்னு முழிச்சிட்டு நின்னா எனக்குத்தான் அசிங்கம் மாமா. ஒரு பக்கமாவது வாசிக்கட்டும்."

டேப்லெட் சொல்ல, நித்யா சொல்ல, மதியம் வரை அதே பக்கம். இரண்டாம் தடவையிலேயே எனக்கும் மனப்பாடம். அவள் விட்ட வரியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தலைவலி.

ஆடி 7, வியாழன்

பஸ்ஸில் குற்றாலத்துக் கூட்டம். ஈரத்துண்டோடு மேலே சாய்கிறார்கள். முகாமில் மூன்று மணி நேரம் பெஞ்சில். இடுப்பு போச்சு.

சோதிக்கிற டீச்சரம்மா முதல் பாடத்தை நீட்டினார். நித்யா ஒரு பக்கம், மூச்சு விடாமல். விரல்கூட வரி வரியாகப் போனது. செல்வியின் ஏற்பாடு.

"நல்லா வாசிக்காளே! இவளுக்கு எதுக்கு சர்டிபிகேட்டு? அடுத்த ஆளு வாங்க."

செல்வி சிரிக்கிறாள். சிரிக்கிறாள்! நித்யா என்னைப் பார்த்தாள். எழுந்துவிட்டேன்.

"டீச்சரம்மா, அது வாசிக்கல, ஒப்பிக்குது. நாங்கதான் நேத்து உருப்போட வச்சோம்."

"மாமா, சும்மா இருங்க!"

"என்ன தாத்தா, பேத்தி நல்லா வாசிச்சா உங்களுக்குப் பொறுக்கலியா?"

புத்தகத்தை வாங்கினேன். அதே பக்கம், ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பாதியில் பின்னால் ஒருத்தர் சிரித்தார். "அண்ணாச்சி, புத்தகம் தலைகீழா இருக்கு."

எனக்கு எப்படித் தெரியும்?

"நான் கைநாட்டும்மா. நானும் வாசிக்கேன் பாருங்க."

டீச்சரம்மா சிரிக்கவில்லை. வேறு பக்கத்தைத் திருப்பி நித்யாவிடம் வைத்தார். முதல் சொல். அதிலேயே நின்றாள். எல்லாரும் பார்க்கிறார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"போதும்மா. உக்காரு."

பேனாவை எடுத்தார்.

ஆடி 8, வெள்ளி

செல்வியிடமிருந்து காபி டம்ளர் டங்கென்று வந்தது. சான்றிதழ் வர ஒரு மாதமாம். அதுவரைக்கும் டீச்சரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு போதுமாம், வகுப்பில் டேப்லெட் வைத்துக்கொள்ளலாம். நித்யாவிடம் கேட்டேன், நேற்று எல்லார் முன்னாலும் உன்னை நிற்க வைத்துவிட்டேனே, கோபமா என்று. சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறாள். ஏட்டி, இரு, ஒரு வரி

தாத்தா பெல் அடிச்சிரும் டேப்லெட்டக் குடுங்க