விசிலைப் பிடித்த கதை

அன்புள்ள அப்பா, நீங்களும் அம்மாவும் சுகந்தானே?

திருக்காட்டுப்பள்ளி மகாஜனங்களுக்கு அறிவிப்பது யாதெனில், உங்கள் மகன் லியோ பெங்களூரில் ஒரு விசிலைப் பிடித்துவிட்டான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் விமான இறக்கையின் மாதிரி ஒன்றின் மேல் காற்றைப் பாய்ச்சுவோம். சத்தம் பிறக்கும் இடத்தை அறுபது மைக்குகள் கேட்டுத் திரையில் சிவப்பாகக் காட்டும். இரண்டு நாளாக ஒரே விசில். சிவப்போ இறக்கையை விட்டு, அது நிற்கும் தூணுக்குப் பின்னால் விழுந்தது. மைக்குகளில்தான் கோளாறு, கழற்றிவிடலாம் என்றார் சார்.

"மைக் பொய் சொல்லாது சார், அங்க போய்ப் பாருங்க" என்றேன். விசில் அங்கேதான் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

போனில் பேசும்போது மோட்டார் கொட்டகையிலேயே நின்று பேசுங்கள் அப்பா. அந்த இரைச்சலும் கேட்கட்டும்.

அங்கே காற்றில் விசிலடித்தது அம்மா கொடுத்த வேளாங்கண்ணித் தீர்த்த பாட்டில். நீங்கள் புது மோட்டாருக்குத் தெளிப்பதுபோல இறக்கைக்குத் தெளித்துவிட்டு, திறந்தபடியே அங்கு மறந்துவைத்தவன் நான்தான்.

லியோ